கைகள் பேச ஒரு லைன்

என் மனைவிக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படித்தான். புக்கிட் ரம்பாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் கிலாங்கில், வேலை செய்கிறாள். அங்கே அவளைப் போலக் காது கேளாதவர்கள் ஒரு கூட்டமே உண்டு. நான் அப்போது அந்தக் கிலாங்குக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து அவர்கள் கையால் பேசிக்கொள்வதைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே அந்த மொழியில் பாதியைக் கற்றுக்கொண்டேன். கண்ணாடியில் கற்றதால் இடதும் வலதும் எனக்கு மாறிப்போயிருந்தன. முதன்முதலாக அவளிடம் நான் பேசியபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு பஸ் வேலை போய்விட்டது. பாயா ரும்புட்டிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்ட ஆள் தேடினார்கள். வேலையோடு வீடும் கொடுத்தார்கள். சரி என்று குடிபோனோம்.

வீடுகள் ஒரு பள்ளத்தில் இருந்தன. சுற்றிலும் செம்பனை. போனில் பேசினால் குரல் விட்டு விட்டு வரும். மெசேஜ் எப்படியோ போய்ச் சேரும். வீடியோ மட்டும் வரவே வராது. மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். அவளுக்கோ வீடியோ இல்லையென்றால் பேச்சே இல்லை. மலாயிலோ இங்கிலீஷிலோ மெசேஜ் எழுதலாம்தான். ஆனால் எழுத்து அவளுக்கு வேற்று மொழி. கோபமும் கேலியும் கொஞ்சலும் அவள் கைகளில் இருந்தன. வேலை முடிந்து வீட்டுக்குள் வந்துவிட்டால் என்னைத் தவிர அவளுக்குப் பேச ஆளில்லை. நானோ பாதி நாள் லோரியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கட்டுகளையும் கயிற்றால் கட்டியதுபோல ஒன்றாகச் சேர்த்து என் முன்னால் நீட்டினாள்.

டெலிபோன் கம்பெனிக்கு நடந்தேன். வீடுகள் குறைவு, நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், இப்போதைக்குக் கேபிள் இழுக்கிற திட்டம் இல்லை என்றார்கள். நான் அத்தோடு விட்டுவிட்டேன். அவள் விடவில்லை.

தஞ்சோங் கிளிங்கில் ஓர் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்லூரியில் நெட்வொர்க் பாடம் எடுப்பவர். அவருடைய தம்பிக்கும் காது கேட்காது, என் மனைவியோடு ஒரே கிலாங்கில் வேலை. அந்தப் பழக்கத்தில் அக்காவுக்கும் கைமொழி நன்றாக வரும். என் மனைவி அவரிடம் போய் முறையிட்டாள். அவர் சொன்ன வழியைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கு விளக்கினாள்.

லைன் இருக்கிற ஒரு வீட்டின் கூரையில் ஒரு சின்ன ரேடியோ பெட்டி. அது எட்டுகிற தூரத்தில், நடுவில் மறைப்பில்லாமல், இன்னொரு கூரையில் இன்னொரு பெட்டி. இப்படிக் கூரைக்குக் கூரை கைமாற்றிப் பள்ளம் வரை இன்டர்நெட்டைக் கொண்டுவந்துவிடலாம். தன் பெட்டி வழியாக அடுத்தவருக்கு விடுகிறவருக்குப் புள்ளி சேரும். அந்தப் புள்ளியைக் கொண்டு அவரும் இன்டர்நெட் பயன்படுத்திக்கொள்ளலாம். யார் எவ்வளவு விட்டார்கள் என்ற கணக்கு ஒரு ஆளிடமோ ஒரு ஆபீஸிலோ இருக்காது. எல்லாப் பெட்டியிலும் ஒரே கணக்கு இருக்கும். ஒருவர் மட்டும் மாற்றி எழுத முடியாது.

"அதுக்குப் பேரு என்னா?" என்று கேட்டேன்.

விரலால் காற்றில் எழுத்து எழுத்தாகக் காட்டினாள். பிளாக்செயின்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டு வரிசையில் இருந்த ஒரு மாமா அந்தப் பெயரைச் சொல்லி வந்த ஒருவனை நம்பி, ஏதோ காயின் என்று சேமிப்பையெல்லாம் இழந்திருந்தார். அந்தச் சொல்லை அங்கே எடுத்தாலே கதவைச் சாத்துவார்கள்.

"வேணாம் லா, அடிக்க வருவாங்க" என்றேன்.

"வரட்டும். நீ சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். நீ வாய் மட்டும் கொடு" என்றாள்.

மறுவாரம் பூப்பந்துக் கோர்ட்டில் எல்லாரையும் கூட்டினோம். அவள் கையால் பேச, நான் வாயால் சொன்னேன். எதிர்பார்த்தபடியே அந்த மாமாதான் முதலில் எழுந்தார். "பிளாக்செயினா? தம்பி, என்கிட்டயேவா? கணக்கு யார்கிட்டயும் இல்லன்னா ஏமாத்துறவனுக்குத்தானே வசதி!"

அவர் கேட்டதை அவளுக்குச் சொன்னேன். அவள் எல்லாரும் பார்க்கும்படி கையை உயர்த்தி மெதுவாகப் பேசினாள்.

"நீங்கள்லாம் காதோட காதா ரகசியம் பேசலாம். நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னும் சொல்லலாம். எங்களால முடியாது. நான் கையைத் தூக்கிப் பேசினா, கூடத்துல இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பாங்க. அப்புறம் மாத்திச் சொன்னா அத்தனை பேரும் சாட்சி. இந்தக் கணக்கும் அப்படித்தான். யார்கிட்டயும் இல்லன்னு அர்த்தம் இல்ல. எல்லார்கிட்டயும் இருக்குன்னு அர்த்தம்."

அதை வாயால் சொல்லி முடித்தபோது எனக்கே அப்போதுதான் அது விளங்கியது. அக்காவிடம் பின்னர் சொன்னேன். "இனி வகுப்புல நானும் இப்படித்தான் சொல்லப்போறேன்" என்றார்.

மாமா மட்டும் சமாதானமாகவில்லை. "எனக்கு வேணாம்மா, என்னை விட்டுடு" என்று போய்விட்டார். அவள் அவரை வற்புறுத்தவில்லை. ஏமாந்தவருக்குப் பயப்பட உரிமை உண்டு என்றாள்.

பாயா ரும்புட்டில் அவளுடைய தோழி ஒருத்தி, பகிர்ந்துகொள்ள அனுமதியுள்ள லைன் ஒன்றை அக்காவின் உதவியோடு தன் வீட்டில் போட்டாள். அங்கிருந்து எங்கள் பள்ளம் தெரியாது. நடுவில் ஒரு மேடு. மேட்டில் மலாய்க்காரர்கள் வாழும் ஒரு கம்போங் கிராமம், அதன் ஓரத்தில் மக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும், தனியாக வாழும் ஒரு மலாய் அம்மாவின் வீடு. அவர் வீட்டுக்குப் பின்னால் உயரமான தண்ணீர்த் தொட்டி இருந்தது.

நான் மலாயில் பேச வார்த்தைகளைத் தயார்செய்துகொண்டு போனேன். தேவைப்படவில்லை. என் மனைவி மக்சிக்கின் கையைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் அழைத்துப்போனாள். அங்கே நின்று தூரத்துக் கூரைகளைக் காட்டினாள், பெட்டியைக் காட்டினாள், போனில் அக்காவின் தம்பி பேசிய ஒரு வீடியோவைக் காட்டினாள். மக்சிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "எனக்கும் வருமா?" என்று கேட்டார்.

"உங்க வீட்டுலேருந்துதான் மக்சிக், எங்களுக்கே வரணும்" என்றேன்.

"போலே, போலே!" என்று சம்மதம் சொல்லி, சிரித்துக்கொண்டே ஏணி எடுக்கப் போனார்.

ஏணியில் ஏறியது என் மனைவிதான். எனக்கு உயரம் ஆகாது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவதுபோல ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தொட்டி மேல் ஏறியதை நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தபடி வாய் பிளந்து பார்த்தேன்.

எங்கள் கூரையில் பெட்டி வைத்தோம். இணைப்பு கிடைத்தால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. செம்பனை மட்டைகள் மறைத்தன. மரம் தோட்டத்துக்குச் சொந்தம், வெட்ட முடியாது. கம்பை உயர்த்திப் பார்த்தோம், பக்கத்துக் கூரைகளில் வைத்துப் பார்த்தோம். கடைசியில் மேட்டு வீடு கண்ணுக்குத் தெரிகிற கூரை ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. மாமா வீட்டுக் கூரை.

"நான் கேக்கவா?" என்றேன்.

"அவர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று முடித்துவிட்டாள்.

மாமா வீட்டு வேலிக்கு வெளியே, பாதையோரத்தில் ஒரு மூங்கில் கம்பை நட்டுப் பெட்டியை அதில் கட்டினாள். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை, விளக்கு பச்சையாக மின்னியது. மூங்கில் காற்றில் ஆடும்போதெல்லாம் வீடியோ நின்று நின்று வந்தது. வீடுவரை எட்டவும் இல்லை. ஆனாலும் வந்தது. தினமும் வேலை முடிந்து அந்தப் பாதையில் நின்றுகொண்டு, போனைக் கம்பில் செருகிவிட்டு, இரண்டு கையாலும் தோழிகளோடு பேசினாள். என்ன பேசினார்களோ, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சாயங்காலம் தூறல் போட்டது. ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மறுகையால் திக்கித் திக்கிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடப் போனேன். அதற்குள் மாமா வெளியே வந்தார், தோளில் ஏணியோடு.

"தம்பி, ஒத்தக் கையில அந்தப் பொண்ணு எப்படிப் பேசும்? மழையில நிக்குது, பார்க்கவே கஷ்டமா இருக்கு. நம்ம கூரையில வச்சிக்கச் சொல்லு. எனக்குப் புள்ளியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் குடையை என் கையில் திணித்துவிட்டு மாமாவைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "புள்ளி வேணாம்னா விட மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி ஏறியது. எல்லாம் அவள் கைப்பட வைத்தவை. பெரிய மழையில் வேகம் குறையும். ஒருமுறை இடியில் மக்சிக் வீட்டுப் பெட்டி கருகிப்போய், அக்கா வேறொன்று கொண்டுவரும் வரை காத்திருந்தோம். மற்றபடி நன்றாகவே ஓடுகிறது. பள்ளத்துக்கு வருவதெல்லாம் மாமா கூரை வழியாக வருவதால், அவருக்குத்தான் எங்களில் அதிகப் புள்ளி. தன் போனில் அதைப் பார்ப்பார், பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் போனையும் வாங்கி, அதிலும் அதே கணக்கு இருக்கிறதா என்று சரிபார்ப்பார். இருக்கிறது என்று கண்டதும் அவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு லைன் வந்த அந்த வாரத்தில் ஒருநாள், எண்ணெய் ஆலை வாசலில் லோரி வரிசையில் நின்றிருந்தேன். போன் அதிர்ந்தது. திரையில் அவள், எங்கள் அடுப்படியில். கல்யாணமாகி இத்தனை காலத்தில் பக்கத்தில் இல்லாதபோது நாங்கள் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்தேன்.

"கெம்போங் மீன் வாங்கியிருக்கேன். குழம்பா, பொரியலா?" என்றாள்.

"குழம்பு" என்று காட்டினேன்.

"சரியாக் காட்டு, கை தெரியல."

பின்னால் நின்ற லோரிக்காரன் ஹாரன் அடித்தான். வரிசை நகர்ந்திருந்தது. அவளுக்கு அது கேட்கவில்லை. நான் இன்னொரு தரம், இரண்டு கையாலும், நிதானமாகச் சொன்னேன்.