கடல் வரிசையில் நின்ற படம்

"அப்பா, உங்க ஃப்ரெண்டு பேசறாரு பாருங்க" என்று மகள் காலையில் செல்போனில் ஒரு வீடியோவை நீட்டினாள். சபாபதி. லாஸ்பேட்டை ஆபீசில் ஒரு காலத்தில் என் பக்கத்து மேசைக்காரன். இப்போது எல்லோரும் காவியம் என்று கொண்டாடும் ஒரு பழைய படத்தைப் பற்றிப் பேசுகிறான். "அன்னைக்கு தியேட்டர்ல சிரிச்சது நான் ஒருத்தன்தான்." கேட்டுக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது.

தீய்ந்த பால் வாசனை என்றாலே எனக்குப் பாண்டியில் அந்தத் தியேட்டர்தான். இடைவேளை டீ அப்படித்தான் இருக்கும். குறை சொல்லிக்கொண்டே இரண்டு கிளாஸ் குடிப்போம். அங்கேதான் அந்தப் படம் வந்தது. கதையில் ஒரு ரேஷன் கடைக்காரர் பகலில் தூங்கிவிடுவார். கனவில் கடல் வந்து, கையில் கார்டோடு மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும். அவர் விழித்த பிறகும் நிற்கும். பின்னால் இருப்பவர்கள் "கொஞ்சம் நகரும்மா" என்பார்கள். சபாபதியும் நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மற்றவர்கள் "ரீலை மாத்திப் போட்டுட்டான்டா!" என்று கத்தினார்கள். ஆபரேட்டர் நாகப்பன் கீழே இறங்கியே வந்துவிட்டார். "நம்பர் பாத்துதான் ஓட்டறேன். படமே அப்படித்தான்யா. இதோ, இவங்க ரெண்டு பேரு சிரிக்கல?"

நாங்கள் இருவரும் ஒரே புனைபெயரில் உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதிவந்த காலம். எழுதுவது நான், ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது அவன். "கடலிடமே கார்டு கேட்கும் ஊரில் இதைக் கனவு என்று எப்படிச் சொல்வது?" என்று முடித்திருந்தேன். அந்த வரிக்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இதழ் வந்தது. அந்த வரி இல்லை. "காய்ச்சலில் எடுத்த படம்" என்றிருந்தது, எங்கள் பெயரில்.

"ஊரே திட்டுது. நாம மட்டும் தூக்கிவெச்சு எழுதினா நம்மளயும் லூசுன்னுவாங்க. மாத்திக் குடுத்துட்டேன்டா" என்றான் சபாபதி, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாளே படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். நாகப்பன் என்னைப் பார்த்து, "நீங்களுமா சார்?" என்றார். நான் எழுதவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. நண்பனைக் காட்டிக்கொடுப்பதா என்று விழுங்கிவிட்டேன். என்ன பெருந்தன்மை பாருங்கள்!

வீடியோவில் சபாபதி கண்ணை மூடிக்கொண்டு, "அப்பவே ஒரு வரி எழுதினேன்" என்று ஆரம்பித்தான். என் வரி. ஓர் எழுத்து பிசகவில்லை. அன்று அவன் திட்டி எழுதியதைக்கூட மன்னித்துத் தொலைத்திருந்தேன்; இதை முடியவில்லை.

"நீங்க அப்ப எங்கப்பா இருந்தீங்க?" என்றாள் மகள்.

"பக்கத்து சீட்ல."

சிரித்தாள். நம்பவில்லை. தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அன்று இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்த நாகப்பனும் போய்விட்டார், நானும் அதைத் திட்டி எழுதியவன் என்ற நினைப்போடு.