நூலில் காய்த்த செரி

கிள்ளி முகர்ந்தால் வாதுமைப் பருப்பு மணக்கும் இலை அது. விரலைவிடக் கொஞ்சம் நீளம், கரும்பச்சை, எண்ணெய் தடவித் துடைத்தாற்போன்ற பளபளப்பு. லா சப்பலில் எனக்கு ஒன்பது வயதாக இருக்கையில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் பின்முற்றத்தில், மதிலோரம் முழுவதும் இந்தச் செடி ஆளுயர வேலியாக நின்றது. பிரெஞ்சில் அதற்கு "லொறியே செரீஸ்" என்று பெயர். எங்கள் வீட்டில் அதற்கு "மாவிலை" என்றுதான் பெயர். ஏனென்றால் குடிபுகுந்த அன்றே அம்மா அதில் ஐந்து இலை கிள்ளி நிறைகுடத்தில் செருகிவிட்டார். மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரி மதாம் ஒடெத், கணவரை இழந்த வயதான மனிசி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிவந்து, இலையும் நஞ்சு, அதில் வரும் கறுப்புப் பழமும் நஞ்சு, பிள்ளை வாயில் வைத்துவிடக் கூடாது என்று படபடத்தார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா பணிவாகத் தலையாட்டிவிட்டு, அவர் போனதும், "பிள்ளையார் என்ன, கடிச்சே பாக்கப்போறார்?" என்றார். ஆனாலும் அந்த முற்றத்தில் எதுவும் வாய்க்கு ஆகாது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

முற்றத்தின் நடுவில் ஒரு சின்ன மரமும் நின்றது. நாங்கள் போனபோது அது மொட்டை. மதாம் ஒடெத் கடற்கரைப் பக்கம் இருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சித்திரை பிறக்கச் சில நாள் இருக்கையில், ஒருநாள் யன்னலைத் திறந்தால் மரத்தில் கொப்பே தெரியவில்லை, எல்லாம் வெள்ளைப் பூ. அப்படியொரு அழகை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். பார்க்குகளில் பூத்துக் கொட்டிவிட்டு ஒரு காயும் காய்க்காமல் நிற்கும் மரங்களை அம்மா பார்த்திருந்தார். இதுவும் அந்த இனம் என்று நினைத்துக்கொண்டார். வீடு கூட்டும் தும்புத்தடியின் நுனியில் சட்டை கொழுவும் கம்பியை வளைத்துக் கட்டினார், "கொக்கத்தடி" ஆயத்தம். வருசப்பிறப்புக்குப் பறித்தார், வெள்ளிக்கிழமைக்குப் பறித்தார், பிறகு கிழமையே பார்க்கவில்லை. அம்மா கட்டிய மாலையைப் பார்த்துக் கோயிலில் எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். நானும் கூடை ஏந்தினேன். பள்ளிக்கூடத்தில் செரிமரத்துக்கு எத்தனையோ தரம் சாயம் தீட்டியவள் நான். ஆனால் படத்து மரத்தில் பழம் இருந்தது, எங்கள் மரத்தில் பூதானே இருந்தது.

கோடை தொடங்கியபோது மதாம் ஒடெத்தின் தொலைபேசி அழைப்பு வந்தது. முழங்கால் இனி மாடிப்படிக்கு உதவாதாம்; மகளோடேயே தங்கப்போகிறாராம். திங்கட்கிழமை வந்து சாமான் கட்டவேண்டும், போகுமுன் கணவர் நட்ட மரத்தில் கடைசித் தடவையாகத் தன் கையால் செரி பறிக்கவேண்டும், பழுத்துவிட்டதா என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உச்சியில் தப்பியிருந்த நாலைந்து பழத்தையும் அதற்குள் குருவிகள் தின்று முடித்திருந்தன.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் அப்பா. "அந்த மனிசி போற நேரத்திலை வெறும் மரத்தைக் காட்டுறதோ?" என்று அம்மா சீறினார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில், பெட்டியிலேயே பெரிய, கறுத்துச் சிவந்த பழங்களாகப் பொறுக்கி வாங்கினார். மறுநாள் விடிந்ததும் பச்சை நூலை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறி, மல்லிகை கட்டுகிற அதே விரல்வேகத்தில், காம்போடு காம்பாகக் கொப்புகளில் கட்டத் தொடங்கினார்.

"எடியே, உனக்கென்ன விசரே? மரத்துக்குப் பழம் கட்டுறவள் உலகத்திலை ஆர்?"

"கதையாமல் கதிரையைப் பிடியுங்கோ!"

உணவக வேலையில் கிடைக்கும் ஒரேயொரு ஓய்வுநாளில் அப்பா கதிரை பிடித்தார். காலை வெயில் ஏறியபோது மரம் காய்த்துக் குலுங்கியது. கைத்திறமை என்று நான் முதலில் வியந்தது அதைத்தான், இன்றும் வியக்கிறேன்.

மதாம் ஒடெத் வந்ததும் நானும் அப்பாவும் வேலிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டோம். அம்மா மட்டும் வாசலில் நின்றார். மதாம் ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தார்; வரவில்லை. கொப்பு வளைந்தது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கிட்டப்போய்ப் பார்த்தார். நூலைப் பார்த்தார், கொப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மதாம் வெகு மரியாதையாக அம்மாவிடம் ஒரு கத்தரிக்கோல் கேட்டார். முதல் பழத்தை வெட்டி வாயில் போட்டவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நட்ட நாள் முதல் புளித்த மரம் இது. நீங்கள் வந்துதான் இனிக்க வைத்திருக்கிறீர்கள்" என்றார். நான் வேலிக்குப் பின்னால் இருந்தே மொழிபெயர்த்தேன். அன்று அத்தனை பழத்தையும் வெட்டி எடுத்து, மாவும் முட்டையும் பாலும் கலந்து ஊற்றி ஒரு பலகாரம் சுட்டு, பாதியை எங்களுக்குத் தந்துவிட்டுத்தான் மதாம் ஊருக்குப் போனார். அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த சித்திரையில் அம்மா ஒரு பூவைத் தொடவில்லை; என்னையும் கிட்ட விடவில்லை. மரம் தானாகக் காய்த்தது. சின்னச் சின்னப் பழம், கண்ணாடிபோலச் சிவப்பு. அம்மா ஒன்றை வாயில் போட்டார். முகம் அப்படியே சுருங்கியது. துப்பப்போகிறார் என்று நினைத்தேன். துப்பவில்லை. மெல்ல மென்று விழுங்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அந்த மனிசி இந்தப் புளியைத் தேடியெல்லே வந்தது," என்றார்.

லா சப்பல், சார்செல், பொபினி தவிர வேறிடம் அறியாத அம்மா, மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு, மடியில் செரிப் பெட்டியோடு ரயில் ஏறினார். வழியெல்லாம் பெட்டியைத் திறந்து திறந்து பழம் நசிந்ததா என்று பார்த்தார். மகள் வீட்டு யன்னலோரம் மதாம் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஒரு பழத்தை வாயில் வைத்து ஒற்றைக் கண்ணை இறுக மூடினார். இனிப்புப் பழத்துக்கு அவ்வளவு சிரித்தவர், இந்தப் புளிப்புக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மொழிபெயர்க்க எனக்கு வேலை இருக்கவில்லை. என் அம்மாவை நான் எத்தனையோ காரியத்துக்காக மெச்சியிருக்கிறேன். அந்த ரயில் பயணத்துக்காக மெச்சியதுபோல வேறெதற்கும் இல்லை.

மதாம் ஒடெத் அடுத்த மாரிக்கு இருக்கவில்லை. வீடு கைமாறியது, நாங்கள் சார்செல்லுக்கு, ஏழாம் மாடிக்குப் போனோம். போனவாரம் வேலையாக அந்தத் தெருவால் போனவள் இரும்புக் கதவால் எட்டிப் பார்த்தேன். முற்றம் முழுக்கச் சீமெந்து. மரம் நின்ற இடத்தில் சைக்கிள் கொட்டகை. மதிலோரச் செடிகளையும் வேரோடு கிளப்பிவிட்டார்கள்.

அம்மாவுக்குச் சொல்வதா விடுவதா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லகாலம் பிள்ளை, அந்த வருசமே கொண்டுபோய்க் குடுத்தம்," என்றார்.