வெள்ளம் கொடுத்த மாப்பிள்ளை

போன வாரம் குமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான புதுக்கடை ஜங்ஷனில் ஒரு டீக்கடைக்குள் நுழைந்து, “சூடா ஒரு டீ குடுங்க” என்றேன். பாய்லருக்குப் பின்னால் நின்றவர் அசாம்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அண்ணன் வெளியூராக்கும், இல்லியா?” என்றார். பக்கத்துத் தெருவில் பிறந்தவன் நான். சென்னையில் இத்தனை வருடம் இருந்ததில் என் பேச்சின் ராகம் தேய்ந்துபோயிருக்கிறது. அது அவர் வாயில் பத்திரமாக இருக்கிறது. கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. உள்ளே மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கு வேறு வெந்துகொண்டிருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் மனசு டீயை விட்டுவிட்டு அம்பத்தூருக்கு ரயிலேறிவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஐடிஐ முடித்தால் நேரே அம்பத்தூர்தான். ஒருவன் போய் வேலையில் சேர்வான். அவன் பாயில் படுக்க இன்னொருவன் போவான். அப்படித்தான் எங்கள் ஊர் ஜெயசிங்கின் பாயில் பாதி எனக்குக் கிடைத்தது. லேத்தில் கெட்டிக்காரன். வாயைத் திறந்தால் மட்டும் எல்லோரும், “கேரளாவில எங்க?” என்பார்கள். வீட்டுக்காரம்மா வருஷம் தவறாமல் எங்களுக்கு ஓணம் வாழ்த்துச் சொல்வார். திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் நன்றி சொல்லப் பழகிவிட்டோம்.

ஜெயசிங்குக்குச் சர்ச்சில் பாட்டுப் பாடும் மலர்மேல் பிரியம். அவளுக்கும்தான். மலரின் அப்பா மதுரைக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “மலையாளத்தானுக்குப் பொண்ணு குடுக்க முடியாது” என்று ஒரே பிடியாக நின்றார். ஊரில் வேறு மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. மலர் அழுது மன்றாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரை எங்கள் அறைக்கே அழைத்து வந்துவிட்டாள்.

ஜெயசிங் அவசரமாகப் பாயை உதறி விரித்தான். “மாமா இரிங்க. வெள்ளம் வேணுமா?” என்றான்.

அவர் பதறிப்போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “வெள்ளமா? எங்கிட்டு?”

“குடிக்கிற வெள்ளமாக்கும் மாமா.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “எங்க ஊர்ல தண்ணிய அப்பிடித்தான் பறைவோம். இவன் சுத்தத் தமிழனாக்கும்” என்று சாட்சி சொன்னேன்.

“ஏம்மா, இங்க ரெண்டு மலையாளத்தானா?” என்றார் மகளிடம்.

எழுந்தும் விட்டார். ஜெயசிங் வேறு வழி தெரியாமல் தட்டை நீட்டினான். “கிழங்கும் மீன்கறியும் உண்டு. தின்னுட்டுப் போங்க மாமா.”

“கெளங்கா?”

“கிழங்கு.”

“அதத்தான்டா சொன்னேன், கெளங்கு.”

மலருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்பா, அவரு ‘ழ’ சொல்றாரு. உங்களுக்குத்தான் வரல. இதுல யாருப்பா தமிழு?”

அவர் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நாக்கு மடங்க மறுத்தது. அப்புறம் உட்கார்ந்து, ஒரு துண்டை மீன்கறியில் தொட்டு வாயில் போட்டார். இன்னொன்றும் போட்டார். “ஊர்லருந்து இத யாரு கொண்டாரது?”

“எனக்க அம்ம.”

“அடுத்த தடவ நம்ம வீட்டுக்கும் சேத்துக் கொண்டாரச் சொல்லு.”

அதுதான் சம்மதம் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அதற்குள் மலர் அழத் தொடங்கியிருந்தாள்.

ஜெயசிங்கும் மலரும் இப்போது பெங்களூரில், மகள் வீட்டில். எங்கள் ஊர்ப் பையன்கள் அம்பத்தூரில் இறங்குவதில்லை. வளைகுடா, பெங்களூர் என்று போய்விடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன் அந்த அறையைத் தேடிக்கொண்டு போனேன். வீட்டுக்காரம்மா இல்லை, வீடும் இல்லை, அடுக்குமாடி நிற்கிறது. வாசலில் காவலுக்கு இருந்த பீகார்க்காரர், யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டார். சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர்கூட இல்லை.