தொட்டால் ஒட்டாது

கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கம்பி ஆலை ஒன்றில் எட்வர்டுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். உள்ளங்கையும் உள்ளங்காலும் சின்னக் குழந்தையாய் இருந்தபோதே மஞ்சளாய்த் தடித்துவிட்டன. கொதிக்கிற டீ கிளாஸை அவர் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "உனக்கு இன்னாத்துக்குப்பா கிளவுஸு?" என்று கூட்டாளி துளசிராமன் ஓட்டுவார். எட்வர்டும் சேர்ந்து சிரிப்பார். உள்ளே எரியும்.

காரணம் மகள் கிறிஸ்டினா. கைக்குழந்தையில் அவளை இறக்கிவிடாமல் சுமந்தவர் இவர்தான். ஆறாம் மாதம் அவள் உள்ளங்கைகளும் தடிக்க ஆரம்பித்தன. தொட்டுத் தொட்டு நாமே ஒட்டவைத்துவிட்டோம் என்று எட்வர்ட் முடிவுகட்டினார். யாரையும் கேட்கவில்லை, கேட்கக் கூச்சம். இன்னும் ஏற்றிவிடக் கூடாதென்று மகளைத் தொடுவதையே அன்றோடு நிறுத்தினார். சர்ச்சில் சமாதானம் சொல்லி எல்லோரும் கைகுலுக்கும்போது இவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இப்போது கவரைப்பேட்டையில் வாழும் கிறிஸ்டினாவுக்கு மூன்று மாதப் பெண் குழந்தை, ஏஞ்சலின். அதையும் எட்டநின்று கொஞ்சுவதோடு சரி. அப்படியொரு பாழாய்ப்போன பிடிவாதம்!

மகள் விடுவாளா? சென்னைக்கு இழுத்துக்கொண்டு போய், பெரிய ஆஸ்பத்திரியில் இருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் போன் அடித்தது.

"நைனா! ரிசல்ட்டு வந்துட்ச்சி! ஒடனே கெளம்பி வா!"

எட்வர்ட் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டார்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள் மகள். கையில் பேப்பர். மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"தோலுக்குப் பலமே கெரட்டின்னு ஒரு புரோட்டீனாம் நைனா. அதுல ஒம்போதாம் நம்பரு, உள்ளங்கை உள்ளங்கால்ல மட்டுந்தான் வேல செய்யுதாம். அத்த எப்டி செய்யணும்னு சொல்ற ஜீன்ல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு எழுத்து மாறிக்கீது. அந்த ஜீனு பேரு கேஆர்டி ஒம்போது! பேரு கெட்ச்சிருச்சி நைனா!"

"தொட்டா ஒட்டுமா?" எட்வர்டுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"ஒட்டாது! ஜென்மத்துக்கும் ஒட்டாது. கருவுலயே வர்றது."

ஓவென்று சிரித்தார் மனுஷர். ஒரு சுற்றுச் சுற்றிக் குதித்தார். சட்டென்று முகம் சுண்டியது.

"அப்போ நாந்தான உனக்குக் குட்த்தேன்?"

"ஆமா, நீதான். இந்த மூக்கக்கூட நீதான் குட்த்த. அதுக்கு இன்னா, கேஸா போட்டேன்?"

"பாப்பாவுக்கு?"

"பாதிக்குப் பாதின்னாங்க டாக்டரம்மா. வந்தாலும் வர்லாம், வராமயும் போலாம். நீ தூக்கறதால ஒண்ணும் ஆவாது." குழந்தையை நீட்டினாள். "இந்தா, புடி."

எட்வர்ட் வாங்கவில்லை.

"இரு. மொதல்ல நீ வா," என்றார். குழந்தையோடு சேர்த்து மகளை இழுத்துக் கட்டிக்கொண்டார். நடுவில் நசுங்கிய ஏஞ்சலின் வீறிட்டாள். அவர் விடவில்லை. இருபத்தேழு வருடம் கழித்துத் தன் மகளைத் தொடுகிறார்.