நாற்பது நிமிடத் தண்ணீர்ச் சத்தம்

கிள்ளை உப்பங்கழியில் இன்று என் இன்டர்ன்ஷிப்பின் முதல் பேட்டி. இருளர் பெண்கள் வெறுங்கையால் தண்ணீருக்குள் தடவி இறால் பிடிப்பதைப் பற்றி.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற அஞ்சலைக்கு என் வயதுதான். படகிலிருந்தபடி கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் தண்ணீருக்குள் தடவிக்கொண்டே நகர்ந்தார்.

கரையேறியதும், இறால் போடும் பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "வாயில இத கவ்விக்கினு எப்பிடிக்கா பேசுறது?"

ரெக்கார்டரில் என் கேள்விகளும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும். ஹெட்போனை வாங்கி, கண்ணை மூடிக் கேட்டார்.

"சின்னதுல அம்மாகூட வந்தா, இறாலு துள்ளுற சத்தம் காதாண்டயே கேக்கும். இதுல எங்கியாவது வருதான்னு பாக்குறேன்."

நாற்பது நிமிடமும் கேட்டார். வரவில்லை.

"பேட்டி எங்கே?" என்கிறார் இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளர். அந்த ஒலிப்பதிவையேதான் அனுப்பியிருக்கிறேன்.

கடைசிவரை கேட்பாரா, சொல்லுங்கள்?