செருப்பு போட்டுகினு தொடு

பென்னலூரில் எங்கள் வீட்டுக்குள் செருப்போடு நடந்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஆனால் சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் மட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். அதில் காலை நுழைத்துக்கொண்டுதான் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும். வெறுங்காலோடு தொட்டால் கையில் சுர்ரென்று ஏறும். விருந்தாளி யாராவது வந்தால் காப்பி கொடுக்கிறாளோ இல்லையோ, இதை முதலில் சொல்லிவிடுவாள் அம்மா. எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் இருந்தது.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்தார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். தென் ஜில்லாக்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தங்க இடமில்லாமல் அலைவதைத் தினமும் பார்க்கிறவர். மாடியில் ஓர் அறை கட்டி அவர்களுக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தார். நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் பகலில் தூங்கியாக வேண்டும், அறை கொதித்தால் யார் தங்குவார்கள்? ஆகவே வெயிலைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கூரை மேல் வெள்ளைப் பூச்சு, உள்ளே தெர்மாகோல் சீலிங், மேற்கு ஜன்னலுக்கு அகலமான சன்ஷேடு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். பழைய வயரையெல்லாம் மாற்ற வேண்டாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு மட்டும், "செவுத்துக்குள்ள கீறத எவன் பாக்கப் போறான்?" என்று சிரித்தார்.

பார்க்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. மணிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். அதற்கு முந்தைய கோடையில் மாமா கரண்ட் அடித்து இறந்துபோனார். வெயில் தாங்கவில்லை என்று வாங்கிய ஏர் கூலரில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊற்றப் போனவர். பிள்ளை குட்டி இல்லாததால் அப்பா அத்தையை எங்களோடு அழைத்து வந்துவிட்டார். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மாமாவின் சாவில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று உறவுக்காரர்கள் குசுகுசுப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

வயரிங் விஷயத்தில் அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். வயர் மொத்தமும் புதிதாக இழுக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்க வேண்டும். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும் சுவிட்ச் ஒன்றும் வைக்க வேண்டும். "சூடு கண்ட பூனை" என்று அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தார். ஆனால் அக்கா பேச்சைத் தட்ட அவரால் முடியவில்லை. எல்லாம் நடந்தது. ஃபிரிட்ஜ் முன்னால் கிடந்த செருப்பு வாசலுக்குப் போனது.

அந்த சுவிட்சில் குட்டியாக ஒரு பித்தான் உண்டு. அதை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும், விழுந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றுதான் எலக்ட்ரீஷியன் சொன்னார். அத்தை தினமும் கேன்டீனிலிருந்து வந்ததும் கால் கூடக் கழுவாமல் போய் அழுத்துவாள். டப்பென்று வீடே அணையும். அது சரியாக நான் கார்ட்டூன் பார்க்கிற நேரம். அத்தையை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அந்தப் பித்தான் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மாடி அறைக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் குடி வந்தார்கள். கொஞ்ச நாளில் சுவிட்ச் தானாகவே விழ ஆரம்பித்தது. தூக்கிவிட்டால் நிற்கும். மறுநாள் காலையில் மறுபடி விழும். கத்திரி வெயில், ஃபேன் நின்றால் வீட்டில் இருக்க முடியவில்லை. அத்தை வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அப்பா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவிட்ச்சுதாண்ணா கோளாறு. நேரா குடுத்துர்றேன், இனிமே வுழாது" என்றார். வயரை சுவிட்சுக்குள் போகவிடாமல் நேராக இணைத்தார். சுவிட்ச் பெட்டிக்குள் அலங்காரமாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அத்தை ஓவர்டைம் பார்த்துவிட்டுக் களைத்து வந்தாள், நேராகப் படுத்துவிட்டாள்.

மறுநாள் வந்ததும் வழக்கம்போல அழுத்தினாள். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நான் கைதட்டினேன். மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். பெட்டியைத் திறந்து பார்த்தவள் மெயினை இறக்கிவிட்டு, அதன் முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வீடு அனலாகிவிட்டது. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வியர்த்து வழிய இறங்கி வந்தாள். "என்னக்கா, கரண்டு போயிட்டா? ராத்திரி பூரா நின்னுட்டே வேல பாத்தது, செத்த நேரம் கண்ணசரணும்லா" என்றாள். பஸ்ஸை விட்டுவிட்டு அப்போதுதான் வந்த அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இன்னாக்கா இது, வாடகைக்கு வந்த பசங்க முன்னால மானத்த வாங்கற? உன் வூட்ல நடந்துச்சுன்னா ஊர்ல இருக்கற எல்லார் வூட்லயும் நடக்குமா?"

சொன்ன மறுகணமே அவர் முகம் செத்துவிட்டது. அத்தை அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூணு நாளா அந்தக் கூலரு சுர்ருனு அடிச்சிகினு இருந்துச்சுடா. எனக்குத் தெரியும். செருப்பு போட்டுகினு தொடுன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா வெளியே போய் எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்தார்.

அவர் வந்து வயரை மறுபடி சுவிட்ச் வழியாகவே கொடுத்தார். பித்தானை அழுத்தினால் விழுந்தது. சுவிட்சில் கோளாறே இல்லை. அப்படியானால் எதற்காக விழுந்தது என்று கேட்டுக்கொண்டு அத்தை நகராமல் நின்றாள். அப்போது மாடிப்பெண் மெல்ல மேலே போய், தண்ணீர் சுட வைக்கும் கரண்ட் ராடு ஒன்றை எடுத்து வந்தாள். அறையில் ராடு போடக் கூடாது என்பது அப்பா குடிவைக்கும்போதே போட்ட நிபந்தனை.

"நின்னு நின்னு காலு வீங்கிருதுண்ணே. அதான் காலைல வந்ததும் கொஞ்சம் சுடுதண்ணி வச்சு ஊத்திக்கிடுவேன். இத போட்டாலே கரண்டு போயிரும். இன்னைக்குக் காலைல போகல. ஆனா தண்ணிய தொட்டா சுர்ருன்னு இழுத்துச்சு. அக்காட்ட கேட்டேன்."

"இன்னான்னு கேட்டா?" என்று அப்பா அம்மாவிடம் திரும்பினார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "பாத்ரூம்ல சுர்ருங்குதுக்கான்னுதான் கேட்டா. நானும் அந்தப் பழைய வார்த்தையத்தான் சொன்னேன்" என்றாள்.

எலக்ட்ரீஷியன் ராடை சோதித்துப் பார்த்தார். தண்ணீருக்குள் முங்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அவர் அதை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதன் வயரைப் பிடுங்கிப் போட்டார். அந்தப் பெண்ணைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். இனிமேல் கீழே கேஸ் அடுப்பில் சுட வைத்து எடுத்துப் போகும்படி சொன்னார். அவர் குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

அத்தை கிட்டே போய் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள், விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு, மாமாவின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். தெருவில் போனவர்கள் எங்கள் வீட்டில் சாவு விழுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள். மாடிப்பெண் பயந்துபோய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவலடி" என்றாள் அம்மா. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை, ஃபேனும் சுற்ற ஆரம்பித்துவிட்டது, அப்புறம் இவர்களுக்கு எதற்கு அழுகை என்று நினைத்தபடி நான் போய் டிவியைப் போட்டேன்.