வேட்டித் துண்டு போட்ட குண்டான்

அலுமினியக் குண்டானின் அடியில் ஒரு பழைய வேட்டித் துண்டு நான்காக மடித்துப் போடப்பட்டிருந்தது. குண்டான் வைத்திருந்தது ஒழுகுகிற சுவருக்கு அடியில். சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கக் குண்டான் போதும், அதற்குள் துணி எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன். வைத்தவர் என் மாமனார். அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் நான் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வயசானவருக்கு என்னமோ ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில், வயலை ஒட்டி எங்கள் வீடு. மாமியார் நான் வாழ்க்கைப்படுவதற்கு முன்பே போய்விட்டார். மாமனார் காலையில் சைக்கிளில் கழனிக்குப் போனால் பதினொரு மணிக்குத் திரும்புவார். என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் போகிற இரும்புக் குழாயை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, வீடு கட்டும்போதே சுவருக்குள் புதைத்துவிட்டார்கள். அது ஓடுவது எங்கள் படுக்கையறைச் சுவரில். ஒரு ஆவணி மாதக் காலையில் அந்தச் சுவரில், என் தலைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மூன்றாம் நாள் சொட்டத் தொடங்கியது.

பிளம்பர் வந்து தட்டிப் பார்த்தார். உள்ளே முழங்கை போல் வளைகிற இணைப்பு துருப்பிடித்துப் போயிருக்கிறது, ஒரு முழம் சுவரை உடைத்தால் அரைநாள் வேலை என்றார். உளியை எடுத்து வைத்தார். மாமனார் அதை எடுத்து அவர் பையிலேயே திரும்பப் போட்டு, டீத்தண்ணி குடிச்சிட்டுப் போப்பா என்று அனுப்பிவிட்டார். காரணம் நான்தான். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டில் சுவரை உடைக்கக் கூடாது, பள்ளம் தோண்டக் கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. நான் வகுப்பில் கருவளர்ச்சிப் பாடம் நடத்துகிறவள். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருடமும் நான் உண்டாகியிருந்தேன். எங்களுக்கே சரியாகத் தெரியாத இரண்டாம் மாதம். அப்போதுதான் என் பட்டமளிப்பு விழாப் படத்தை அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன். கறுப்பு அங்கியும் கையில் சுருட்டிய காகிதமுமாக நான் விறைத்து நிற்கிற படம். மாமனாருக்கு அதில் அப்படியொரு பெருமை. படித்த மருமகள் ஊரில் வேறு யாருக்கு இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். பத்தாம் நாள் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் படுத்திருந்தபோது, பார்க்க வந்த சின்ன மாமியார் ஒருத்தி கூடத்தில் நின்று அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா மாமா, சுத்திய எடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்க வேணாமா?" என்றாள்.

இது யார் செய்த தவறும் இல்லை, உடம்பே சில கருவை ஏற்காது என்று டாக்டரம்மா என்னிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தார். அதை அப்போதே எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாராவது ஒருவர் மேல் பழி விழுந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் படம் பீரோ மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆணி இருந்த ஓட்டையில் சிமெண்ட் பூசியிருந்தது.

ஆகவே இரண்டாம் முறை, ஒழுகுகிற சுவரோடு மாமனார் குடித்தனம் நடத்தத் தயாரானார். ஒரு மூங்கில் கழியின் நுனியில் துணியைச் சுற்றி, ஈரம் கசிகிற இடத்தில் அழுந்தும்படி சாய்த்து வைத்தார். தண்ணீர் சுவரில் பரவாமல் கழி வழியே இறங்கி, கீழே கட்டியிருந்த முடிச்சில் சேர்ந்து குண்டானில் சொட்டியது. முன்னால் ஒரு தடவை இழந்தவள் என்பதால் டாக்டர் என்னை நடமாடக் கூடாது என்றிருந்தார். பள்ளிக்கு நீண்ட விடுப்பு. படுத்தபடியே இந்த ஏற்பாட்டைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டால் ஒழுகல் நின்றுவிடும். அதையும் அவர் செய்யவில்லை. மாசமாக இருக்கிறவள் தண்ணீருக்கு அல்லாடக் கூடாதாம். கழனியிலிருந்து வந்ததும் கால் கழுவிக்கொண்டு நேராக வந்து குண்டானைத் தூக்கிப்போய் வாழைக்குக் கொட்டுவார். துணியைப் பிழிந்து, உதறி, மறுபடி நான்காக மடித்துப் போடுவார். வாழை அந்த வருடம் தள்ளிய குலை மாதிரி அதற்கப்புறம் தள்ளவேயில்லை என்று நான் கேலி பேசியதுண்டு. ஆனால் அதெல்லாம் பின்னால்.

ஏழாம் மாதம் ஒரு மதியம் அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். விரல்கள் வெளுத்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மாமா, அன்றைக்கு ஆணியால் ஒன்றும் ஆகவில்லை, டாக்டரம்மா எனக்கு அப்போதே சொன்னார், நான்தான் உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். அவர் துணியைப் பிழிந்து முடித்தார்.

"டாக்டரம்மா சொன்னா செரியாத்தாம்மா இருக்கும்" என்றார் பிறகு. "ஆனாக்கா, சுத்தி என் கையில இல்ல இருந்துச்சி."

ஒரு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். நாள்பட்ட துரு மாதிரி அந்தப் பழி அவருக்குள் இறங்கிவிட்டிருந்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். இப்போதுதான் நான் அங்கே இல்லையே, சுவரை உடையுங்கள் என்று கணவரிடம் சொல்லி அனுப்பினேன். மாமனார் மசியவில்லை. அவ எங்க இருந்தா இன்னா, இது அவ வூடுதானே என்றாராம். மகள் பிறந்து முப்பதாம் நாள் கழிந்த பிறகுதான் பிளம்பருக்கு ஆள் போயிற்று. ஐந்து மாதக் குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு புதிதாக, வேறு வெள்ளையாக இருந்தது. படத்தை மட்டும் அவர் கடைசிவரை மாட்டவில்லை. மகள் எட்டாவது படிக்கும்போது அவர் காலமானார். படம் இன்றைக்கும் பீரோ மேல்தான் சாய்ந்திருக்கிறது.

இந்த மாதம் அதே சுவரில், அன்று ஒட்டுப்போட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே, மறுபடியும் ஈரம். அந்த அறையில் இப்போது இருப்பவள் என் மகள். சென்னையிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிளம்பர் இளைஞர், என்னிடம் படித்தவர். சுவரைத் தட்டிவிட்டு, "டீச்சர், ஒடைச்சாத்தான் ஆவும்" என்றார். மகளும் உடையுங்கள் என்றாள். நான் பிரசவம் முடியட்டும், அப்புறம் வாப்பா என்றேன். அவர் என் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, உளியைத் தாமே பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ சயின்ஸ் டீச்சர்தானேம்மா?" என்று சிரித்தாள் மகள்.

ஆமாம். ஆணியால் ஒன்றும் ஆகாது என்று இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு சுத்தியலின் கனத்தைச் சாகும்வரை கையில் உணர்ந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவருக்கு முன்னால் ஓர் ஆண்டு முழுக்க வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறேன். அந்தச் சுவரில் இப்போது உளி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

துணி உலர்த்துகிற மூங்கில் கழியை எடுத்துவந்து நுனியில் துணி சுற்றிச் சாய்த்தேன். பரணிலிருந்து அதே அலுமினியக் குண்டானை இறக்கி வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் படுத்தாள். டங், டங் என்று சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "அம்மா, அந்தச் சத்தம் தலைக்குள்ள அடிக்குதும்மா, தூங்கவே முடியல" என்றாள்.

நான் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த அறையில் நான் எத்தனை மாதம் படுத்திருந்தேன், மதியம் எல்லாம் எப்படித் தூங்கினேன். ஒரு சொட்டுச் சத்தம்கூட நான் கேட்டதில்லை.

பீரோவைத் திறந்து கணவரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். நான்காக மடித்துக் குண்டானின் அடியில் போட்டேன். சற்று நேரத்தில் மகள் தூங்கிவிட்டாள்.